மேட்டுக் கொல்லைச் செடியும் பின்வாசல் செடியும்

கல்வராயன் மலை,
கார்த்திகை மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் தமிழ்ப்ரியாவுக்கு அம்மா சாமியம்மாள் எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் ஆடு மாடுகளும் சாமி புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், அங்கே பூனாவில் நீ வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பதை உன் கையெழுத்தில் பார்த்தால்தான் நம்புவேன், போனில் சொன்னால் நம்ப மாட்டேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே நல்லா இருக்கேம்மா என்கிறவளை எப்படி நம்புவது. செவ்வாய்க்கிழமை உன்னோடு பேசுவதற்காகத் தண்ணீர் டேங்க் மேட்டுக்கு ஏறிப்போய், கையைத் தூக்கிக்கொண்டு நின்று சிக்னல் பிடித்தேன், நான் அந்த இலை என்று ஆரம்பித்ததுமே அம்மா அதைப் பத்தி மட்டும் பேசாத என்று வைத்துவிட்டாய். பேச வேண்டியதே அதுதானே. அதனால்தான் அங்கன்வாடியில் மிச்சமிருந்த கோடு போட்ட தாளை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். போன் என்றால் நீ பாதியில் வைத்துவிடலாம், காகிதத்தில் பாதியில் நிறுத்தினாலும் மீதி அங்கேயே இருக்கும். இந்தக் கடிதத்தோடு ஒரு பெட்டி வருகிறது. முதலில் பெட்டிக்குள் இருக்கும் இரண்டு கவரையும் எடுத்து உங்கள் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டு வா, அப்புறம் மீதியைப் படி.

இங்கே இந்த வருஷம் ஐப்பசி மழை ஜாஸ்தி. சாமை ஒரு வழியாக அறுத்து அடித்து வீட்டுக்கு வந்துவிட்டது, மரவள்ளியைத்தான் காட்டுப்பன்றி விட மாட்டேன் என்கிறது, அப்பா தகர டப்பாவைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார், காற்றடித்தால் பன்றி ஓடுகிறதோ இல்லையோ நம் நாய் ஓடுகிறது. உன் மாமா இருசப்பனுக்குக் கால் புண்ணுக்கு ஊசியை மாற்றி மாற்றிப் போட்டும் கேட்காமல் கடைசியில் இரண்டு விரலை எடுத்தார்களே, அந்த இடம் இப்போது காய்ந்துவிட்டது, கம்பு ஊன்றி நடக்கிறான். என் தம்பிக்கு விரல் போனாலும் வாய் போகவில்லை. பார்க்கிறபோதெல்லாம், பாப்பா கண்டுபிடிச்சிக்கினு கீற மருந்து எப்பக்கா வரும், மீதி விரலுக்காவது ஆவுமா என்று கேட்கிறான். போன வாரம் ஆடாதோடை இலையை அரைத்துக் காலில் வைத்துக் கட்டப் போனான், நான் பிடுங்கி எறிந்துவிட்டேன். இலை வேறு மருந்து வேறு, இலைக்குள் இருக்கிற கிருமி சுரப்பதை இன்னும் ஒரு எலிக்குக்கூடக் கொடுத்துப் பார்க்கவில்லை என்று நீ சொன்னதை அப்படியே சொல்லி, டாக்டர் போட்ட கட்டை அவிழ்த்தால் மீதி விரலை நானே எடுத்துவிடுவேன் என்று மிரட்டிவிட்டு வந்தேன்.

மிரட்டிவிட்டு வந்தேனே தவிர, எனக்கே ஒன்றும் புரியவில்லை பாப்பா. அங்கன்வாடிச் சுவரில் கொம்பும் கோரைப்பல்லுமாக ஒரு கிருமிப் படத்தை ஒட்டிவைத்து, இவன்தான் கெட்டவன், கை கழுவினால் ஓடிவிடுவான் என்று வருஷக்கணக்காகப் பிள்ளைகளுக்குச் சொல்கிறவள் நான். நீ என்னவென்றால் ஆடியில் லீவுக்கு வந்தபோது, இலைக்குள்ளேயே கிருமி குடியிருக்கிறது, அது இலைக்கு ஒரு கெடுதலும் செய்வதில்லை, தன் இடத்துக்கு வேறு கிருமி போட்டிக்கு வராமலிருக்க ஏதோ ஒன்றைச் சுரக்கிறது, அதுதான் ஒருநாள் மருந்தாகலாம் என்றாய். அப்படியென்றால் இத்தனை காலம் இருமலுக்கு நாம் குடித்த கஷாயத்தில் வேலை செய்தது இலையா, உள்ளே குடியிருந்ததா, கொதிக்க வைத்தால் கிருமி செத்துப்போகுமே, செத்தது எப்படி வேலை செய்யும் என்று நான் கேட்டேன். நீ சிரித்தாய். கஷாயத்தில் இறங்குவது இலையின் சத்து, நான் தேடுவது வேறும்மா என்றாய். ஆக, வீட்டுக்காரன் மருந்து ஒன்று, குடித்தனக்காரன் மருந்து ஒன்று. இதில் யார் யாருக்கு வாடகை கொடுக்கிறார்கள் என்பது எனக்கு இன்றைக்கு வரை பிடிபடவில்லை. ஒன்று மட்டும் நன்றாகப் புரிந்தது. இலையை ஸ்பிரிட்டிலும் பிளீச்சிங் தண்ணீரிலும் கழுவி, கடைசியாகக் கழுவின தண்ணீரையும் ஒரு தட்டில் விட்டுப் பார்ப்பேன், அதில் ஒன்றும் முளைக்கவில்லை என்றால்தான் இலையை வெட்டி வைத்ததில் முளைப்பது இலைக்கு உள்ளே இருந்து வந்தது என்று அர்த்தம் என்றாயே, அது புரிந்தது. பாத்திரம் சுத்தமாகிவிட்டதா என்று நாமும் கடைசித் தண்ணீரைத்தானே பார்க்கிறோம்.

அப்புறம் புரட்டாசியில் ஒரு போட்டோ அனுப்பினாய். கடல்பாசி உறைய வைத்த தட்டு முழுக்க ஆஸ்பத்திரிக் கிருமி படர்ந்திருக்கிறது, நடுவில் நம் இலையிலிருந்து எடுத்த கிருமியைச் சுற்றி மட்டும் வட்டமாக வெறும் இடம். நான் தட்டு கெட்டுப்போய்விட்டது போலிருக்கிறது, பாவம் பிள்ளை என்று நினைத்தேன். நீயோ போனில் குதிக்கிறாய். எந்த மருந்துக்கும் கேட்காத கிருமிம்மா, மாமா விரலைத் தின்ன ஜாதி, அதால அந்த வட்டத்துக்குள்ள வர முடியல என்று கத்தினாய். நான் ஒன்றும் புரியாமலேயே ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன். இப்போது நினைத்தால், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஏனென்றால் அதற்கப்புறம்தானே எல்லாம் தலைகீழானது. கிருமி உன் டப்பாவில் உயிரோடு இருந்தாலும் அது இலையிலிருந்துதான் வந்ததா, இல்லை உன் கையிலிருந்தோ காற்றிலிருந்தோ தட்டில் விழுந்ததா என்று யாருக்குத் தெரியும், அதே செடியின் இலையிலிருந்து மறுபடியும் எடுத்துக் காட்டு என்று உன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிற மேடம் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை, நானாக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன். நீ என்னிடம் சொன்னாய், நான் உன் அப்பாவிடம் சொன்னேன், அவர் பறித்துவந்து கொடுத்தார், நான் கள்ளக்குறிச்சிக்குப் போய் கூரியரில் போட்டேன். தட்டில் என்னென்னவோ முளைத்தது, அது மட்டும் முளைக்கவில்லை. மார்கழியில் உன் ஆராய்ச்சியைப் பார்க்கிற கமிட்டி உட்காருகிறதாம், அதற்குள் காட்டாவிட்டால் இதை மூடிவைத்துவிட்டு வேறு ஒன்றை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமாம். அன்றைக்கு நீ அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது. வேறு தலைப்பு கொடுத்தால்கூடப் பரவாயில்லை, என் கை மேலேயே எனக்கு நம்பிக்கை போச்சும்மா, எல்லாத்தையும் விட்டுட்டு மலைக்கே வந்துடறேன் என்றாய். அம்மா, அதே செடிதானே என்று ஒருதரம் கேட்டாய். நான் அடித்துச் சொன்னேன், அதேதான், மேட்டுக் கொல்லை வரப்பில் பாறையை ஒட்டி நிற்கிறதே அதேதான் என்று. செடி சரி என்றால் தப்பு உன் கையில்தான் என்று நீ முடிவு கட்டிக்கொண்டாய்.

மறுநாள் எனக்கு வேலை ஓடவில்லை. ஆட்டை ஓட்டுகிற சாக்கில் மேட்டுக் கொல்லைக்குப் போனேன், அந்தச் செடியிடம் நியாயம் கேட்கப் போன மாதிரிதான் போனேன். அங்கே பார்த்தால் ஆடியில் நீ பறித்தபோது அப்பா கட்டின மஞ்சள் நூல் மழையில் வெளுத்துப்போய்க் கிளையில் அப்படியே கிடக்கிறது. நீ கத்தரித்த காம்பெல்லாம் காய்ந்து கறுத்திருக்கிறது. புதிதாக ஒடித்த காம்பு ஒன்றுகூட இல்லை, புது நூலும் இல்லை. உன் அப்பா நூல் கட்டாமல், இன்னாருக்கு வேண்டும் என்று பேர் சொல்லிக் கேட்காமல் மருந்துக்கு ஒரு தழையைத் தொட மாட்டார் என்பது உனக்குத் தெரியும், நீகூட அன்றைக்குப் பக்கத்தில் நின்று கேலி செய்தாய். அப்போது நான் கூரியரில் போட்டது எந்த இலை?

வீட்டுக்கு வந்தால் மனுஷர் நிம்மதியாக உட்கார்ந்து கடுக்காய் தட்டிக்கொண்டிருக்கிறார். கேட்டேன். அவர் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல் பின்வாசலைக் காட்டினார். குளிக்கிற தண்ணீர் ஓடுகிற இடத்தில் ஒரு ஆடாதோடை நிற்கிறதே, நீ காலேஜ் சேர்ந்த வருஷம் மேட்டுக் கொல்லைச் செடியிலிருந்து கிளை ஒடித்துவந்து நட்டது, அதில் பறித்தாராம், கையால் நட்டதைக் கேட்டு வாங்க வேண்டியதில்லையாம். இதுவும் அதுதான, அதோட கைய ஒடிச்சாந்து நானே நட்டது, இன்னா வித்தியாசம் என்று என்னையே திருப்பிக் கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் கடுக்காய்க் கூடையைக் கவிழ்த்துவிட்டேன். வித்தியாசமா, அது பாறை இடுக்கில் வெயில் காய்ந்துகொண்டு நிற்கிற செடி, இது நாம் குளிக்கிற சோப்புத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த செடி, ஊர் மாறினால் குடித்தனம் மாறாதா என்று கத்தினேன். கத்திவிட்டு யோசித்தால் அதுவும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ஒரு கிளைதானே, ஒரே ரத்தம்தானே, அப்புறம் ஒன்றில் இருப்பது இன்னொன்றில் ஏன் இல்லை? மண்ணிலிருந்து ஏறுகிறதா, காற்றிலிருந்து இறங்குகிறதா? இல்லை, ஆடியில் இருந்தது ஐப்பசியில் எங்கேயாவது போய்விடுமா? நீதான் சொல்ல வேண்டும், இங்கே யாரைக் கேட்பது.

ஏன் அங்கே போகாமல் இங்கே பறித்தீர்கள் என்று கேட்டேன். அவர் கவிழ்ந்த கடுக்காயைக் கூடையில் பொறுக்கிப் போட ஆரம்பித்தார். அப்புறம் சொன்னார். ஒரு தடவை கேட்டு வாங்கின செடியை அது பூத்து முடிவதற்குள் இன்னொரு தடவை கேட்கக்கூடாதாம். கேட்டால் யார் பேரைச் சொல்லிக் கேட்கிறோமோ அவர்களுக்கு ஆகாது, நோய் அந்தப் பேரைத் தேடி வரும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அது பூக்க இன்னும் தை மாதம் ஆகும். பாப்பா பேர சொல்லி ஆடியில கேட்டாச்சி, மறுபடியும் பாப்பா பேர எப்படி சொல்றது என்றார். அப்படியென்றால் பேர் சொல்லாமலே பறித்துவிடலாமே என்றேன், அது திருட்டு என்றார். என் பேரைச் சொல்லுங்கள் என்றேன், அதற்கு என்னை முறைத்தார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று நானும் சொல்லிப் பார்த்தேன். நீயே போயி ஒடிச்சாயேன் என்றார். கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன் பாப்பா, பேர் சொல்லாமலே ஒடித்துவிடலாம் என்று பாறை வரைக்கும் போனேன். இலை உனக்கு என்று நினைத்ததும் கை வரவில்லை. நம்பிக்கை இல்லாதவளுக்கு ஏன் கை வரவில்லை என்று கேட்டுக்கொண்டே கத்தியோடு திரும்பி வந்துவிட்டேன். அதற்கப்புறம் நான் வீட்டில் பேசவில்லை, அவரும் பேசவில்லை. சோற்றைப் போட்டு வைப்பேன், சாப்பிட்டுவிட்டுப் போவார். உன் கை மேல் தப்பில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிகிறது, அதைச் சொல்ல வந்தபோதுதான் செவ்வாய்க்கிழமை நீ போனை வைத்துவிட்டாய், அதை உனக்கு எடுத்துக் காட்டுகிற இலை கண்ணெதிரே நிற்கிறது, பறிக்க மட்டும் வழியில்லை.

இன்று காலையில் நான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன், அவர் தலைக்குக் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து நின்று, அந்தக் கவர எட்த்துக்கினு வா என்றார். நீ கொடுத்துவிட்டுப் போன வாய் மூடுகிற பிளாஸ்டிக் கவரையும் ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரியையும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். மேட்டுக் கொல்லையில் பனி இறங்கியிருந்தது. பழைய நூலை அவிழ்க்கவில்லை, அதற்குப் பக்கத்திலேயே புதிதாக மஞ்சள் நூலைக் கட்டினார். கையைக் கூப்பினார். உன் பேரைத்தான் சொல்லப் போகிறார் என்று நினைத்து, வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் சொன்னது இதுதான். மூக்கனுக்கு வேணும், குடு. அவ்வளவுதான். அவர் பேரை நான் வாயால் சொன்னதில்லை, இப்போது எழுதிவிட்டேன், எழுதினால் சொன்னதாகாது என்று வைத்துக்கொள்.

வரும் வழியில் நான் அழுதுகொண்டே வந்தேன், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று சண்டை போட்டேன். அவர் திரும்பிப் பார்க்காமலே நடந்துகொண்டு சொன்னார், எனக்கு எதுனா வந்தா கள்ளக்குறிச்சில ஆஸ்பத்திரி கீது, நீ கீற, இருசப்பன் கீறான். அவளுக்கு வந்தா அந்த ஊர்ல ஒண்டியா இன்னா பண்ணும் கொழந்த. இந்த மனுஷருக்குச் செடி மேல் நம்பிக்கையா ஆஸ்பத்திரி மேல் நம்பிக்கையா என்று யோசித்துக்கொண்டே வந்தேன், வீடு வந்துவிட்டது, பதில் வரவில்லை. வந்து உட்கார்ந்ததும் ஒரு தும்மல் போட்டார் பார், எனக்கு உயிரே போய்விட்டது. பனியில் குளித்தால் தும்மல் வராதா என்று என்னையே திட்டுகிறார்.

இலை இன்றைக்குப் பறித்தது, வாடவில்லை. குளிர்ச்சியாக அனுப்ப வேண்டும் என்று நீ சொன்னதற்காக நர்ஸம்மாவிடம் தடுப்பூசிப் பெட்டியைக் கேட்டேன், அரசாங்கப் பெட்டி லாரி ஏறாது என்று சொல்லிவிட்டு ஐஸ் பை மட்டும் இரண்டு கொடுத்தார். மீன்காரரிடம் தெர்மாகோல் பெட்டி வாங்கிச் சோப்புப் போட்டுத் தேய்த்திருக்கிறேன், அப்படியும் கொஞ்சம் மீன் வாசனை வருகிறது, அதை மேடத்திடம் முதலிலேயே சொல்லிவிடு, அப்புறம் அது மீன் கிருமி என்று ஒரு புதுச் சந்தேகம் வேண்டாம். ஒரு கவரில் மேட்டுக் கொல்லை, இன்னொன்றில் பின்வாசல் என்று பேனாவால் எழுதியிருக்கிறேன். பின்வாசல் இலை எதற்கு என்று கேட்பாய், எதற்கோ தெரியவில்லை, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உனக்காவது ஏதாவது புரியுமோ என்று வைத்தேன். சின்னசேலம் தீனதயாளன், அதுதான் என் சித்தி மருமகன், ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு இன்று ராத்திரி பூனாவுக்கு லாரி எடுக்கிறார், கேபினில் தன் காலடியில் வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். லாரியைப் பகலில் ஊருக்குள் விட மாட்டார்களாம், எந்த இடத்தில் நிற்கிறது என்று போன் செய்வார், துணைக்கு யாரையாவது கூட்டிக்கொண்டு போய் வாங்கு. அவருக்குச் சாப்பாடு வாங்கிக்கொடு. சின்னசேலத்தில் கொடுத்துவிட்டு வர அப்பா இப்போதே சட்டை போட்டுக்கொண்டு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், பஸ் வந்துடும், இன்னா அப்டி எழுதறே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார், முடிக்கிறேன்.

இந்த இலையிலும் அந்தக் கிருமி வரும் என்று என்னால் சொல்ல முடியாது. வராமலும் போகலாம், மாதம் மாறினால் அதுவும் மாறும் என்று நீயே ஒருதரம் சொன்னாய். ஆனால் இந்தத் தடவை செடியில் தப்பில்லை, போன தடவை உன் கையிலும் தப்பில்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு தட்டைத் தொடு. வேளைக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை, மேடத்திடம் பின்வாசல் விஷயத்தை மறைக்காமல் சொல், சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். நீ நினைத்தது நடக்க வேண்டும், உன் கையால் நாலு பேர் புண் ஆற வேண்டும், நோய் நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று நம் மலைச் சாமியை வேண்டிக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று. தட்டில் வந்தாலும் வராவிட்டாலும் முதல் போன் அப்பாவுக்குப் போடு. எடுத்ததுமே கிருமியைப் பற்றிப் பேசாதே. அப்பா, உடம்பு எப்படி இருக்கு என்று கேள். நல்லா கீறேம்மா என்று அவர் சொல்வதை உன் காதால் கேட்டுக்கொள். அப்புறம் எதை வேண்டுமானாலும் சொல்.

உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா,
மூ. சாமியம்மாள்.